ஒரு சீட்டியை வைத்து ஒரு நகரத்தைக் காட்டிய படம்: ஃப்ரிட்ஸ் லாங்கின் 'எம்'

கேள்வி இது: "1931-இல் வந்த 'எம்' என்ற ஜெர்மன் படத்தை சீரியல் கில்லர் படங்களுக்கெல்லாம் தாய் என்கிறார்கள். இவ்வளவு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் இன்றைக்கும் பேச அப்படி என்ன இருக்கிறது? முதல் முறை பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?"

கதையின் முடிவு வரை பேசப் போகிறேன். கொலைகாரன் யார் என்பதை இந்தப் படம் ஒளித்து வைப்பதே இல்லை. அதனால் தெரிந்துகொண்டு பார்த்தாலும் பெரிதாக எதுவும் குறையாது.

'தாய்' என்ற பட்டத்தை முதலில் சரிபார்த்துவிடலாம். தொடர் கொலைகாரன் திரைக்கு வந்தது இந்தப் படத்தில்தான் என்பது சரியல்ல. ஹிட்ச்காக் 1927-லேயே 'தி லாட்ஜர்' எடுத்துவிட்டார். 'எம்' படத்தைத் தயாரித்த அதே நீரோ பிலிம் கம்பெனி 1929-இல் எடுத்த 'பண்டோராவின் பெட்டி' படத்தின் முடிவிலும் ஜாக் த ரிப்பர் வருகிறான். அதனால் முதல் படம் என்ற பெருமையை வைத்து 'எம்' படத்தை எடை போட வேண்டாம். மற்ற படங்கள் கொலைகாரனைத் துரத்தின. இந்தப் படம், துரத்துகிற நம்மைப் பார்க்கிறது. என் பதில் முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

ஆரம்பக் காட்சியை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் படம் அதற்குள்ளேயே இருக்கிறது.

திரை இருட்டாக இருக்கும்போதே ஒரு குழந்தையின் குரல் கேட்கிறது. பிறகு டாப் ஆங்கிளில் ஒரு குடியிருப்பின் முற்றம். குழந்தைகள் வட்டமாக நிற்க, நடுவில் ஒரு சிறுமி ஒவ்வொருவராக விரல் நீட்டிப் பாடிக்கொண்டே வருகிறாள். நம் பிள்ளைகள் 'இங்கி பிங்கி பாங்கி' சொல்லி ஆளைக் கழிப்பது போலத்தான். பாட்டின் பொருள்: 'கொஞ்சம் பொறு, கறுப்பு மனிதன் வருவான், சின்ன வெட்டுக்கத்தியால் உன்னைக் கொத்துக்கறி ஆக்குவான்.' பாட்டு முடியும்போது விரல் யார்மேல் நிற்கிறதோ அந்தப் பிள்ளை வெளியே போக வேண்டும். இது லாங் கற்பனையில் உண்டாக்கிய பாட்டு அல்ல. ஹனோவர் நகரில் இளைஞர்களைக் கொன்று 1925-இல் தலை வெட்டப்பட்ட ஃப்ரிட்ஸ் ஹார்மன் என்பவனைப் பற்றி ஜெர்மனித் தெருக்களில் அப்போது பாடிக்கொண்டிருந்த பாட்டு. பெயரை எடுத்துவிட்டுக் 'கறுப்பு மனிதன்' என்று மாற்றியிருக்கிறார்.

மாடியிலிருந்து துணிக்கூடையோடு வரும் ஒரு பெண், "அந்தப் பாழாய்ப்போன பாட்டைப் பாடாதீங்க" என்று அதட்டுகிறாள். அவள் நகர்ந்ததும் பிள்ளைகள் திரும்ப ஆரம்பிக்கிறார்கள். அவள் துணிக்கூடையைக் கொண்டுபோய்க் கொடுப்பது திருமதி பெக்மன் வீட்டில். பெக்மன் துணி துவைத்துப் பிழைப்பவள். பாட்டைப் பற்றி இவள் குறைபட்டுக்கொள்ள, பெக்மன் சொல்லும் பதில்: 'அதுங்க பாடுறது காதுல விழுற வரைக்கும், அதுங்க இருக்குதுங்கன்னாவது தெரியுதே.'

இந்த வசனத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தின் சாவி இதுதான். சத்தம் கேட்டால் பிள்ளை இருக்கிறது. சத்தம் நின்றால்?

குக்கூ கடிகாரம் பன்னிரண்டு அடிக்கிறது. பெக்மன் கையைத் துடைத்துக்கொண்டு முகம் மலர்கிறாள். பள்ளி விடும் நேரம். மேசையில் தட்டும் கரண்டியும் வைக்கிறாள். அங்கே மகள் எல்சி பள்ளியிலிருந்து வெளியே வந்து ரோட்டில் கால் வைக்க, ஒரு கார் ஹார்ன் அடிக்கிறது. போலீஸ்காரர் ஒருவர் அவளைப் பத்திரமாக ரோட்டைக் கடத்திவிடுகிறார். அவள் பந்தைத் தட்டிக்கொண்டே நடக்கிறாள். சுவரொட்டிகள் ஒட்டிய ஒரு வட்டத் தூணில் பந்தை அடிக்கிறாள். அந்தத் தூணில் இருப்பது, குழந்தைகளைக் கொல்பவனைப் பிடித்துக் கொடுத்தால் 10,000 மார்க் பரிசு என்ற அறிவிப்பு. அந்த எழுத்துகளின் மேல் ஒரு தொப்பி வைத்த நிழல் விழுகிறது. "உன் பந்து அழகா இருக்கே. உன் பேர் என்ன?"

இந்தக் காட்சி முடியும் வரை லாங் அந்த மனிதனின் முகத்தைக் காட்டுவதில்லை. கண் தெரியாத ஒரு பலூன்காரரிடம் எல்சிக்குப் பொம்மை வடிவத்தில் ஒரு பலூன் வாங்கித் தருகிறான். வாயில் ஒரு சீட்டி. இங்கே வீட்டில் அம்மா காத்திருக்கிறாள். படியில் காலடிச் சத்தம் கேட்டு ஓடினால், வேறு பிள்ளைகள். மறுபடி மணி அடிக்கிறது. திறந்தால், தொடர்கதைப் புத்தகத்தின் புது இதழ் கொண்டுவந்திருக்கும் ஆள். பரபரப்பான கதை, திகிலான கதை என்று விற்பவர். திகில் கதை வாசிக்கிற ஒருத்தியின் வீட்டில்தான் அது நடந்துகொண்டிருக்கிறது. திகில் படம் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் என்னையும் அந்தக் காட்சி தொட்டுவிட்டது.

பிறகு அவள் "எல்சி!" என்று கூப்பிடுகிறாள். ஒவ்வொரு கூப்பிடுதலுக்கும் ஒரு ஷாட். ஆள் இல்லாத படிக்கட்டு, மேலிருந்து கிணறு போல. துணி காயும் மொட்டை மச்சு, யாருமில்லை. மேசையில் காலித் தட்டு. குரல் தேய்ந்து தேய்ந்து போகிறது. புதரிலிருந்து பந்து உருண்டு வந்து நிற்கிறது. தந்திக் கம்பியில் பலூன் சிக்கி, ஒரு நிமிடம் துடித்து, காற்றில் போய்விடுகிறது.

இவ்வளவுதான். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அலறல்கூட இல்லை. காட்டியிருந்தால் எல்லோரும் ஒரே காட்சியைப் பார்த்திருப்பார்கள். காட்டாததால் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த மிக மோசமான ஒன்றை மனதில் கொண்டுவந்துவிடுகிறார்கள் என்று லாங் பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். என் மகள் பள்ளி வேனில் வந்து இறங்க இருபது நிமிடம் தாமதமான ஒரு நாள், நான் வாசலில் நின்றபோது என் கண் முன் வந்தது இந்தப் படத்தின் காலித் தட்டுதான். அதை முதலில் பார்த்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். லாங்குக்கு இது முதல் பேசும் படம். 'மெட்ரோபொலிஸ்' (1927) எடுத்து உலகப் புகழ் பெற்ற மனிதர், நாற்பது வயதைத் தாண்டியவர். ஜெர்மனியில் பேசும் படம் வந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஒலி கிடைத்த மகிழ்ச்சியில் பலரும் இடைவிடாமல் பாட்டும் பேச்சுமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். லாங் செய்தது நேர் எதிர். படத்தில் பின்னணி இசை கிடையாது. பல இடங்களில் தெரு ஓசைகூடக் கிடையாது, முழு நிசப்தம். அந்த நிசப்தத்தில்தான் சீட்டி வருகிறது: நார்வே இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக், 'பியர் கிண்ட்' நாடகத்துக்காக அமைத்த 'மலையரசன் மண்டபத்தில்' என்ற மெட்டு. கொலைகாரன் ஹன்ஸ் பெக்கர்ட்டாக நடித்த பீட்டர் லோரிக்குச் சீட்டியடிக்க வராது. அந்தச் சீட்டியைத் தானே அடித்ததாக லாங் சொன்னார். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருக்கிறது, அது இன்னும் பயமாக இருக்கிறது.

இன்று வில்லன் வரும்போதெல்லாம் அவனுக்கென்று ஒரு பிஜிஎம் வருவது நமக்குப் பழகிவிட்டது. ஒரு மெட்டைக் கேட்டதும் ஆளைப் பார்க்காமலேயே 'வந்துவிட்டான்' என்று முதுகு சில்லிடும் வித்தையைப் பேசும் படத்தில் இவ்வளவு தெளிவாகச் செய்து காட்டியது இந்தப் படம். ஆனால் லாங் அதை அலங்காரமாக வைக்கவில்லை. கதையின் முடிச்சே அந்த மெட்டில்தான் அவிழ்கிறது. ஊரே கண் விழித்துத் தேடிக் கிடைக்காதவனைக் கடைசியில் அடையாளம் காண்பவர் கண் தெரியாத அந்தப் பலூன்காரர், காதால். எல்சிக்குப் பலூன் விற்ற நாளில் கேட்ட அதே சீட்டி இன்னொரு நாள் தெருவில் போகிறது, அவர் பிடித்துவிடுகிறார்.

இன்னொரு உத்தியும் உண்டு. குற்றவாளி கிடைக்கவில்லை என்று மந்திரி போனில் சத்தம் போட, போலீஸ் கமிஷனர் பதில் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் பேச்சு ஓட ஓட, திரையில் வேறு காட்சிகள்: வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போடுகிறார்கள், புதர்களைச் சல்லடை போடுகிறார்கள், கிடைத்த ஒரு மிட்டாய்க் காகிதத்தை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். ஒருவர் குரலின் மேல் வேறு இடத்துப் படம். இன்று செய்திப் படங்களிலும் துப்பறியும் தொடர்களிலும் தினமும் பார்ப்பதுதான். 1931-இல் பார்த்தவர்களுக்கு அது புதிது. கைரேகையைப் பெரிதுபடுத்திப் பார்ப்பது, கையெழுத்து நிபுணரைக் கேட்பது, மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளிவந்தவர்களின் பட்டியலை வைத்து வீடு வீடாகப் போவது என்று போலீஸ் வேலையை வேலையாகவே காட்டும் வகைப் படங்களுக்கும் இங்கே ஒரு தொடக்கம் இருக்கிறது.

அந்தப் போலீஸ் வேலை கற்பனையில் வந்ததல்ல. லாங் பெர்லினின் அலெக்சாண்டர்பிளாட்ஸ் தலைமையகத்துக்குப் போய் விவரம் திரட்டியவர். படத்தின் பருமனான, சுருட்டுப் பிடிக்கும் இன்ஸ்பெக்டர் லோமனுக்கு முன்மாதிரி, பெர்லின் கொலைப் பிரிவின் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் கென்னாட். 'தொடர் கொலைகாரன்' என்ற பொருள்படும் ஜெர்மன் சொல்லை 1930-இல் எழுத்தில் பயன்படுத்தியவர் அவர்தான். எதற்காக? டூசல்டார்ஃபில் பல கொலைகள் செய்து, பத்திரிகைக்கே கடிதம் எழுதிய பீட்டர் கியூர்டன் என்பவனைப் பற்றி எழுதும்போது. கியூர்டன் 1930 மே மாதம் பிடிபட்டான். 1931 ஏப்ரலில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 'எம்' பெர்லினில் மே 11-ஆம் தேதி திரைக்கு வந்தது. ஜூலை 2-ஆம் தேதி கியூர்டனின் தலை வெட்டப்பட்டது. தேதிகளைப் பார்த்தாலே புரியும். அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது பழைய கதையோ பொழுதுபோக்கோ இல்லை. அன்றைய காலைப் பேப்பர். கியூர்டன் பிடிபடும் முன்பே திரைக்கதை முடிந்துவிட்டது என்று லாங் சொல்வார். திரைக்கதை அவரும் அவர் மனைவி தேயா ஃபான் ஹார்போவும் சேர்ந்து எழுதியது.

ஜெர்மனியில் அந்த வருடத் தொடக்கத்தில் வேலை இல்லாதவர்கள் ஐம்பது லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். 1930 செப்டம்பர் தேர்தலில் நாஜிகள் 107 இடங்களைப் பிடித்திருந்தார்கள். படம் அரசியல் பேசுவதில்லை, ஆனால் அந்தப் பதற்றம் தெருவில் தெரிகிறது. வழியில் மணி கேட்ட ஒரு சிறுமியிடம் ஒரு முதியவர் ஏதோ பேசிவிடுகிறார். பக்கத்தில் ஒரு முரட்டு ஆள், 'பிள்ளைகிட்ட உனக்கென்ன பேச்சு?' என்று ஆரம்பிக்க, இரண்டே நிமிடத்தில் கூட்டம் சூழ்ந்துவிடுகிறது. அந்த முரடனை லாங் கீழிருந்து மலை போலக் காட்டுகிறார். முதியவரை மேலிருந்து எறும்பு போல. ஒரே மேசையில் பீர் குடித்துக்கொண்டிருந்த நண்பர்கள் ஒருவரையொருவர் சந்தேகித்துச் சட்டையைப் பிடிக்கிறார்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்று சந்தேகப்பட்டு வழிப்போக்கர்களை அடித்துக் கொன்ற செய்திகளை வாட்ஸ்அப் வதந்திக் காலத்தில் படித்த நமக்கு, இந்தக் காட்சிகளுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

கதை இங்கேதான் யாரும் எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. தினமும் ரெய்டு நடப்பதால் திருடர்களுக்குத் தொழில் படுத்துவிடுகிறது. போலீஸ் பிடிக்காவிட்டால் நாமே பிடிப்போம் என்று முடிவு செய்கிறார்கள். பெர்லினில் அப்போது நிஜமாகவே குற்றவாளிகளுக்குச் சங்கங்கள் இருந்தன. விளையாட்டுக் கழகம், பாட்டுக் கழகம் என்ற பெயரில் பதிவு செய்துகொண்டு, விதிமுறை, சந்தா, உறுப்பினர் இறந்தால் மரியாதையான ஊர்வலம் எல்லாம் வைத்திருந்தார்கள். லாங் அதை எடுத்து ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைக்கிறார். தலைவன் ஷ்ரெங்கர், இரும்புப் பெட்டி உடைப்பதில் மன்னன். தோல் கோட்டு, தோல் கையுறை, வட்டத் தொப்பி. அதே இரவில் போலீஸ் அதிகாரிகளும் இன்னொரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். லாங் இரண்டு கூட்டங்களையும் மாற்றி மாற்றி வெட்டுகிறார். ஷ்ரெங்கர் கையை வீசிப் பேச ஆரம்பிக்க, அந்தக் கைவீச்சைப் போலீஸ் கமிஷனர் முடிக்கிறார். இங்கே தொடங்கிய வாக்கியம் அங்கே தொடர்கிறது. சிகரெட் புகை இரண்டு அறையையும் நிறைத்து, ஒரு கட்டத்தில் இது எந்த அறை என்றே நமக்குத் தெரிவதில்லை. எடிட்டிங் படிக்கும் எந்த மாணவருக்கும் நான் முதலில் போட்டுக் காட்டச் சொல்வது இந்தக் காட்சியைத்தான். சட்டத்தின் கையும் சட்டத்தை உடைக்கும் கையும் ஒரே சைகையைப் பங்கு போட்டுக்கொள்வதை, ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், வெட்டிலேயே சொல்லிவிட்டார்.

திருடர்கள் கண்டுபிடிக்கும் வழி எளிது. யாரும் திரும்பிப் பார்க்காத ஆட்கள் யார்? பிச்சைக்காரர்கள். நகரத்தைத் தெருத் தெருவாகப் பங்கிட்டு அவர்களைக் காவல் வைக்கிறார்கள். பலூன்காரர் சீட்டியைக் கேட்டுச் சொன்னதும் ஒரு இளைஞன் பெக்கர்ட்டைப் பின்தொடர்கிறான். பெக்கர்ட் ஒரு சிறுமியோடு நிற்கிறான். பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுக்கிறான். நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஆரஞ்சுப் பழம் உரிக்கத்தான். தோலைத் தெருவில் எறிகிறான். பின்தொடர்ந்த இளைஞன் தன் உள்ளங்கையில் சாக்பீஸால் 'எம்' என்று எழுதுகிறான். ஜெர்மன் மொழியில் கொலைகாரன் என்பதற்கான 'மோர்டர்' என்ற சொல்லின் முதல் எழுத்து. ஆரஞ்சுத் தோலில் வழுக்கியது போல நடித்து, திட்டிக்கொண்டே பெக்கர்ட்டின் தோளில் கையைப் பதித்துவிட்டுப் போகிறான். கத்தி கீழே விழுந்துவிடுகிறது. அதை எடுத்துக் கொடுப்பது அந்தச் சிறுமி. அவன் தோளில் ஏதோ வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, "மாமா, இங்க அழுக்கா இருக்கு" என்று துடைத்துவிடப் பார்ப்பதும் அவள்தான். அவன் திரும்பி, கண்ணாடியில் தன் முதுகைப் பார்க்கிறான். பிதுங்கிய அந்தக் கண்களைச் சினிமா வரலாற்றில் மறந்தவர் இல்லை.

இதற்குள் நம் மனம் என்ன ஆகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். நாம் திருடர்களின் பக்கம் சேர்ந்துவிட்டோம். பெக்கர்ட் ஒரு அலுவலகக் கட்டடத்தின் மச்சில் ஒளிந்துகொள்ள, அவர்கள் பூட்டை உடைத்து, தளத்தைத் துளைத்து, காவலாளியைக் கட்டிப் போட்டுத் தேடும்போது, 'சீக்கிரம், போலீஸ் வந்துவிடும்' என்று நமக்கே பதைக்கிறது. போலீஸ் வரக் கூடாது என்று ஆசைப்படுகிறோம்! லாங் நம்மைப் படிப்படியாக நடத்தி இந்த இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

மூடிக் கிடக்கும் ஒரு சாராயத் தொழிற்சாலையின் நிலவறை. பெக்கர்ட்டைப் படிக்கட்டில் தள்ளுகிறார்கள். எழுந்து திரும்பினால், நூற்றுக்கணக்கான முகங்கள் சத்தமே இல்லாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கேமரா அந்த முகங்களின் மேல் மெதுவாக நகர்கிறது. திருடர்கள், பிச்சைக்காரர்கள், விலைமாதர்கள். இதுதான் நீதிமன்றம். நீதிபதி ஷ்ரெங்கர். கேலிக்கு ஒரு வக்கீலும் உண்டு, ஆனால் அவர் கேலியாக வாதாடவில்லை. 'மூன்று கொலைகளுக்காகத் தேடப்படும் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகிறீர்களா?' என்று ஷ்ரெங்கரைப் பார்த்துக் கேட்கிறார்.

லோரி பேசுவது இங்கேதான். அதுவரை படத்தில் அவருக்கு வசனமே அதிகம் இல்லை. மண்டியிட்டு, கை நகங்களைக் கன்னத்தில் பதித்துக்கொண்டு, குரல் உடைந்து பேசுகிறார்: எப்போதும் தெருத் தெருவாக நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, யாரோ பின்னால் வருகிறார்கள், திரும்பினால் அது நானேதான், நானே என்னைத் துரத்துகிறேன், ஓட வேண்டும், ஆனால் தப்ப முடியவில்லை. நீங்கள் திருடுவது நீங்களாகச் செய்வது, விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். எனக்குள் இருப்பது என்னவென்று யாருக்குத் தெரியும்? லோரிக்கு அப்போது 26 வயது. மேடை நடிகர், பெர்டோல்ட் பிரெக்டின் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர். லாங் அவன் பேச்சுக்கு நடுவே கேட்பவர்களின் முகங்களைக் காட்டுகிறார். ஒன்றிரண்டு பேர் தங்களை அறியாமல் தலையசைக்கிறார்கள். அவர்களுக்கும் அது தெரியும் போல.

நீங்கள் அவனை மன்னித்துவிட வேண்டும் என்று படம் கேட்கவில்லை. வக்கீல் மனநோய்ச் சட்டப்பிரிவைச் சொன்னதும், ஒரு பெண் எழுந்து, பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் போய்க் கேள் என்று கத்துகிறாள். அவள் சொல்வதும் உண்மைதான். இவனை விட்டால் சிகிச்சை முடிந்து வெளியே வந்து மறுபடி செய்வான் என்பதும் உண்மைதான். இரண்டு உண்மைகளையும் ஒரே நிலவறையில் வைத்துவிட்டு, லாங் எந்தப் பக்கமும் தள்ளாமல் நிற்கிறார். கூட்டம் பாய்ந்து வரும் நேரத்தில், எல்லோருடைய கைகளும் மெல்ல மேலே போகின்றன. போலீஸ் வந்துவிட்டது. பெக்கர்ட்டின் தோளில் ஒரு கை விழுகிறது: "சட்டத்தின் பெயரால்." அடுத்த காட்சியில் நிஜ நீதிமன்றம், நீதிபதி 'மக்களின் பெயரால்' என்று ஆரம்பிக்கிறார். தீர்ப்பு என்ன என்று நாம் கேட்பதற்குள் வெட்டிவிடுகிறார். கறுப்பு உடையில் மூன்று தாய்மார். பெக்மன் சொல்கிறாள்: இதனால் எங்கள் பிள்ளைகள் திரும்பி வரப் போவதில்லை, பிள்ளைகளை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பைச் சொல்லாமல் விட்டது தந்திரம் என்று சிலர் குறை சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படம் வந்தபோதே இதை மரண தண்டனைக்கு ஆதரவான படம் என்று கொண்டாடியவர்கள் இருந்தார்கள், எதிரான படம் என்று பாராட்டியவர்களும் இருந்தார்கள். முதல் கூட்டத்தில் ஒருவர், பின்னாளில் ஹிட்லரின் பிரசார அமைச்சரான யோசெஃப் கோயபல்ஸ். படம் வந்த பத்து நாளில் அவர் டைரியில் எழுதி வைத்தது: அற்புதமான படம், மனிதாபிமானப் பிதற்றலுக்கு எதிரானது, மரண தண்டனைக்கு ஆதரவானது, லாங் ஒரு நாள் நம் இயக்குநர் ஆவார். நிலவறைக் கூட்டம் போட்ட கூச்சல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது.

கோயபல்ஸின் நாஜிக் கூட்டமே ஆட்சிக்கு வந்ததும் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் படத்தின் முக்கியத்துவத்தைச் சொல்லி முடிக்க முடியாது. 1934-இல் படம் தடை செய்யப்பட்டது. யூதரான லோரி 1933-லேயே நாட்டை விட்டுப் போய், ஹிட்ச்காக்கிடமும் பிறகு ஹாலிவுட்டிலும் நடித்தார், 'காசாபிளாங்கா'வில் பார்த்திருப்பீர்கள். 1940-இல் நாஜிகள் 'நித்திய யூதன்' என்ற வெறுப்புப் பிரசாரப் படம் எடுத்தபோது, அந்த நிலவறைப் பேச்சை அப்படியே வெட்டி எடுத்து அதில் ஒட்டினார்கள், யூதர்கள் குற்றவாளிகளுக்குப் பரிந்து பேசுவதற்குச் சான்று என்று. ஒரு நடிகன் இன்னொரு மனிதனின் வேதனையை நடித்துக் காட்டியது, அவனுடைய சொந்த ஜனத்துக்கு எதிரான சாட்சியமாக மாற்றப்பட்டது. பலூன்காரராக நடித்தவர் கெயார்க் யோன், அவரும் யூதர், லாங் படங்களில் தொடர்ந்து வந்த முகம். அவர் தப்பவில்லை. போலந்தின் லோட்ஸ் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு 1941-இல் அங்கே இறந்தார். ஷ்ரெங்கராக நடித்த குஸ்டாஃப் கிரூண்ட்கென்ஸ் அதே ஆட்சியில் அரசு நாடக அரங்கின் தலைவராக உயர்ந்தார். ஃபான் ஹார்போ நாஜிக் கட்சியில் சேர்ந்தார். லாங்கோடு மணமுறிவு 1933-இல். நிலவறையில் ஒரே சட்டகத்துக்குள் இருந்த மனிதர்கள் பத்தே வருடத்தில் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

லாங் பற்றி ஒரு எச்சரிக்கை. அவர் நல்ல கதைசொல்லி, தன் வாழ்க்கையையும் கதையாகவே சொன்னார். படத்துக்கு முதலில் வைத்த தலைப்பு 'நம்மிடையே கொலைகாரன்' என்றும், அது தங்களைப் பற்றியதென்று நினைத்த ஸ்டூடியோ நிர்வாகி இடம் தர மறுத்தார் என்றும், அவர் கோட்டு மடிப்பில் நாஜிச் சின்னம் இருந்ததைப் பார்த்தேன் என்றும் சொல்வார். கோயபல்ஸ் கூப்பிட்டு ஜெர்மன் சினிமாவுக்கே தலைமை தாங்கச் சொன்னார், அன்றிரவே ரயில் ஏறிவிட்டேன் என்பது இன்னொரு கதை. அவருடைய பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்த ஆய்வாளர்கள், அதற்குப் பிறகும் சில மாதங்கள் அவர் வந்து போய்க்கொண்டிருந்ததைக் காட்டியிருக்கிறார்கள். அவர் நாட்டை விட்டுப் போனது மட்டும் மெய். அமெரிக்காவில் அவர் எடுத்த முதல் படமான 'ஃப்யூரி' (1936), ஒரு நிரபராதியை உயிரோடு கொளுத்த வரும் கும்பலைப் பற்றியது. அந்த நிலவறையை அவர் மனம் விடவே இல்லை. பிரெஞ்சு இயக்குநர் கோதார் 1963-இல் எடுத்த 'லெ மெப்ரி' படத்தில் லாங் லாங்காகவே நடித்திருக்கிறார். அவருடைய ஹாலிவுட் படம் ஒன்றை ஒருவர் புகழ, 'எனக்கு எம்தான் பிடிக்கும்' என்கிறார்.

1994-இல் ஜெர்மனியின் சினிமா ஆவணக் காப்பகங்கள் சேர்ந்து, திரைத்துறையினரையும் விமர்சகர்களையும் கேட்டு நடத்திய வாக்கெடுப்பில் ஜெர்மன் படங்களிலேயே முக்கியமானது என்று முதலிடம் பெற்றது இதுதான். அமெரிக்காவில் 1951-இல் ஜோசஃப் லோஸி இதே கதையை லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் மறுபடி எடுத்தார். தயாரிப்பாளர், முதல் 'எம்' படத்தைத் தயாரித்த அதே செய்மூர் நெபென்ஸால், அவரும் தப்பி வந்தவர்தான். திறமையாக எடுத்த படம். ஆனால் மூலத்தைப் பார்த்தவர்களுக்கு அதில் அந்த நிசப்தம் கிடைக்காது.

கடைசியாக, எந்தப் பிரதியைப் பார்ப்பது? வெளியானபோது படம் 117 நிமிடம். இன்று மறுசீரமைக்கப்பட்ட பிரதி 110 நிமிட அளவில் இருக்கும், அதைத் தேடுங்கள். மறுவெளியீட்டுக்காகச் சுருக்கி, லாங் வேண்டுமென்றே மௌனமாக விட்ட இடங்களில் ஓசைகளைச் சேர்த்த பிரதிகளும் உலவுகின்றன, அவை வேண்டாம். படச் சட்டகம் ஏறத்தாழச் சதுரமாக இருக்கும். டிவி திரையை நிரப்ப வேண்டும் என்று இழுத்துவிடாதீர்கள். முடிந்தால் ஹெட்போன் போட்டுக்கொண்டு, ராத்திரி, தனியாகப் பாருங்கள். நடுவில் சத்தம் அடியோடு நின்றுபோனால் ஸ்பீக்கர் போய்விட்டதென்று வால்யூமைக் கூட்ட வேண்டாம். அப்படியே விடுங்கள், கொஞ்ச நேரத்தில் சீட்டி கேட்கும்.